பதிவேட்டில் பெயர் உண்டு, புல்வெளியில் கல் இல்லை: இங்கிலாந்தில் முன்னோர் கல்லறையைத் தேடுவோருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

மனைவி வழியிலோ ஆங்கிலோ-இந்தியப் பாட்டி வழியிலோ இங்கிலாந்தின் ஏதோ ஒரு கிராமத்தில் வேர் இருப்பதாக அறிந்தவர்கள் முதலில் கேட்பது, "அவரை எங்கே அடக்கம் செய்தார்கள்?" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மனைவியின் முன்னோர் ஒருவருக்காக மூன்று தேவாலயங்களின் ஈரப் புல்லில் அலைந்து, காலணி நனைந்ததுதான் மிச்சம். ஆவணங்களிடம் அவற்றுக்குத் தெரியாத கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

எந்தத் தாளுக்கு எது தெரியும் என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். அரசின் இறப்புச் சான்றிதழுக்கு எங்கே, எப்போது, எதனால் இறந்தார் என்று தெரியும். அடக்கம் பற்றி அதில் ஒரு சொல்லும் இராது. தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டுக்கு எந்த நாளில், எந்தக் குருவானவர் அடக்கினார் என்று தெரியும். தேவாலயத்தைச் சுற்றி இடுகாடாக இருக்கும் முற்றத்தின் எந்த மூலை என்று தெரியாது. கல்லறைக் கல்லுக்கோ குடும்பத்தார் என்ன சொல்ல விரும்பினார்களோ அது மட்டும் தெரியும். உடல் அங்கே கிடக்கிறதா என்பதற்குக் கல் சாட்சி அல்ல.

இனி, எந்த இடத்தில் முட்டி நிற்கிறீர்களோ அந்தத் தலைப்புக்குப் போகலாம். ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதியைக் கீழே "பங்கு" என்றே குறிப்பிடுகிறேன். சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை. ஸ்காட்லாந்தின் வழி வேறு; அங்கே அரசுப் பதிவு தொடங்கியதே 1855இல்தான்.

அறிகுறி 1: இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறது, அடக்கம் செய்த இடம் தெரியவில்லை

1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் இறந்தவர் என்றால் சான்றிதழிலிருந்து மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள்: இறந்த நாள், இறந்த இடத்தின் முகவரி, தகவல் கொடுத்தவரின் பெயர். தகவல் கொடுத்தவர் மகளாகவும் அவர் முகவரி வேறு ஊராகவும் இருந்தால் அந்த ஊரையும் குறித்துவையுங்கள்.

இறந்த நாளிலிருந்து பத்து நாட்களுக்குள் விழும் அடக்கங்களை, இறந்த இடத்தின் பங்குப் பதிவேட்டில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அவர் வாழ்நாளெல்லாம் இருந்த பங்கில் பாருங்கள். ஒரு பங்கில் வசித்தவருக்கும், வழிப்போக்கராக வந்து அங்கே இறந்தவருக்கும் அந்த முற்றத்தில் அடக்கம் பெறும் உரிமை உண்டு. ஆகவே இரண்டு இடமும் சாத்தியமே.

இரண்டிலும் இல்லை, ஆண்டு 1853க்குப் பிந்தையது என்றால் தேவாலயத்தை விட்டு நகராட்சிக் கல்லறைத் தோட்டத்துக்கு வாருங்கள். நகரங்களில் தேவாலய முற்றங்கள் பிணங்களால் நிரம்பி வழிந்ததால் 1852இல் லண்டனுக்கும் 1853இல் நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் அடக்கச் சட்டங்கள் வந்தன. பழைய முற்றங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மூடும் ஆணைகள் அரசிதழான 'லண்டன் கெசட்'டில் வெளியாயின. அதன் பழைய இதழ்களை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். உங்கள் தேவாலயம் மூடப்பட்ட ஆண்டு தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு விதிவிலக்கு: குடும்ப நிலவறை வைத்திருந்தவர்களுக்கு மூடிய பிறகும் அனுமதி கிடைத்ததுண்டு.

இறந்தவரின் பெயர் நகராட்சித் தோட்டத்தின் ஏட்டில் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அங்கே தேவாலயத்தைப் போலன்றி ஒவ்வொரு குழிக்கும் எண் உண்டு, வரைபடம் உண்டு, குழியை யார் வாங்கினார் என்ற ஏடும் உண்டு. லண்டன்வாசி என்றால் நகருக்கு வெளியே, சர்ரே மாவட்டத்தின் புரூக்வுட்டையும் மறக்காதீர்கள். 1854இல் திறந்த அந்தத் தோட்டத்துக்கு வாட்டர்லூவிலிருந்து சவப்பெட்டிகளை ஏற்றிச் செல்லத் தனி ரயிலே ஓடியது, 1941 வரை.

எதிலும் சிக்கவில்லை, இறந்தது 1885க்குப் பின் என்றால் தகனத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். முதல் தகனம் வோக்கிங்கில் 1885இல் நடந்தது. சட்டம் 1902இல் வந்தது. தொடக்கத்தில் மிகச் சிலரே அதை நாடினார்கள்.

அறிகுறி 2: இருக்கவேண்டிய பங்கின் பதிவேட்டில் பெயரே இல்லை

பெரும்பாலோர் மனம் தளர்வது இங்கேதான். அவசரப்படாமல் வரிசையாகப் பாருங்கள்.

முதலில், நீங்கள் பார்த்தது பதிவேட்டையா, இணையப் பட்டியலையா? தேடுபெட்டியில் பெயரைத் தட்டி "இல்லை" என்று வந்தால், அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. பழைய பட்டியல்கள் பலவும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் படியெடுத்துவிட்டு அடக்கத்தை ஒதுக்கிவிட்டன. சந்ததியைத் தேடியவர்களுக்குச் சாவில் அக்கறை இல்லை போலும். குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் சேர்ந்து தொகுத்த தேசிய அடக்கப் பட்டியலையும், 'ஃப்ரீரெக்' என்ற தன்னார்வப் படியெடுப்பையும் பாருங்கள். அதன்பின் ஏட்டின் பக்கப் படங்களையே ஒவ்வொன்றாகப் புரட்டுங்கள். ஒரு கிராமத்தின் பத்தாண்டு அடக்கங்களை ஒரு மாலைப்பொழுதில் படித்து முடித்துவிடலாம்.

அடுத்து, ஏட்டில் இடைவெளி இருக்கிறதா? பங்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டது 1538இல். ஆனால் அந்த ஆண்டிலிருந்தே ஏடு தப்பிப் பிழைத்த தேவாலயங்கள் குறைவு. 1598இல் தாள் ஏடுகளைத் தோல் ஏட்டில் மறுபடி எழுதச் சொன்னபோது, எலிசபெத் அரசி பட்டமேறிய 1558 முதல் எழுதினால் போதும் என்று பலர் நிறுத்திக்கொண்டார்கள். 1640களின் உள்நாட்டுப் போர் தொடங்கி 1660 வரை குருவானவர்கள் விரட்டப்பட்டும் ஏடுகள் கைமாறியும் போனதால் வெற்றுப் பக்கங்கள் அதிகம். உங்கள் ஆள் அந்த இருபது ஆண்டுகளில் இறந்திருந்தால் பழி அவர் மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை.

இடைவெளிக்கு மாற்று மருந்து ஒன்று உண்டு. 1598க்குப் பின் ஒவ்வொரு பங்கும் ஆண்டுக்கு ஒருமுறை பேராயருக்கு நகல் அனுப்ப வேண்டும். மூல ஏடு எலிக்கும் ஈரத்துக்கும் இரையாகியிருந்தாலும் நகல் பேராயத்தின் ஆவணக் கட்டுகளில் இருக்கலாம். இரண்டும் இருந்தால் இரண்டையும் ஒப்பிடுங்கள்: நகலெடுத்தவர் சில பெயர்களை விட்டிருப்பார், சிலவற்றை நன்றாகத் திருத்தியும் இருப்பார்.

மூன்றாவது, பங்கு என்பது ஒரே தேவாலயம்தானா? வடக்கே லங்காஷயரின் வாலி, யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸ் போன்ற பங்குகள் அகன்று பரந்தவை. நடுத்தேவாலயத்துக்கு நடந்து வர முடியாதவர்களுக்காக உள்ளே பல துணைத் தேவாலயங்கள் இருந்தன. அவற்றுக்குத் தனி முற்றமும் தனி ஏடும் உண்டு. 'ஃபேமிலிசர்ச்' என்ற குடும்ப வரலாற்று இணையத் தளத்தில் 1851ஆம் ஆண்டின் எல்லைகளைக் காட்டும் வரைபடம் இருக்கிறது. அதைத் திறந்து, உங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பங்குகளை எல்லாம் எழுதிவைத்துக்கொண்டு ஒன்றொன்றாகப் பாருங்கள்.

நான்காவது, அவர் அரசுத் திருச்சபையை, அதாவது ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்தானா? பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல், மெதடிஸ்ட் குடும்பங்களுக்குத் தனி இடுகாடுகள் இருந்தன. லண்டனின் பன்ஹில் ஃபீல்ட்ஸ் அவற்றுள் பேர்போனது. அந்தச் சபைகள் அரசிடம் ஒப்படைத்த ஏடுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஆர்ஜி 4' என்ற தொகுப்பில் உள்ளன. குவேக்கர்கள் என்ற இன்னொரு தனிச் சபையாருடையது 'ஆர்ஜி 6'. ஆனால் இங்கே எதிர்ப்பக்கமாகவும் யோசிக்க வேண்டும். தனி இடுகாடு இல்லாத ஊரில் பாப்டிஸ்டும் கத்தோலிக்கரும் பங்கு முற்றத்தில்தான் கிடப்பார்கள். 1880இல் சட்டம் மாறும்வரை அங்கே அடக்க ஆராதனை நடத்த அரசுத் திருச்சபைக் குருவானவருக்கு மட்டுமே அனுமதி.

கடைசியாக, ஆராதனை மறுக்கப்பட்டவரா? 1662ஆம் ஆண்டின் பொதுப் பிரார்த்தனை நூல், ஞானஸ்நானம் பெறாதவர், சபை விலக்குப் பெற்றவர், தற்கொலை செய்துகொண்டவர் ஆகியோருக்கு அடக்க ஆராதனை கூடாது என்று விதித்தது. ஆராதனை நடக்கவில்லை என்றால் ஏட்டில் வரி விழாமலே போகலாம். தற்கொலை என்று நீதிவிசாரணை தீர்த்தவர்களை நாற்சந்தியில் புதைக்கும் வழக்கம் 1823 வரை இருந்தது. அந்த ஆண்டின் சட்டம் முற்றத்துக்குள் இடம் கொடுத்தது. ஆனால் இரவு 9 மணிக்கும் 12 மணிக்கும் இடையில், ஜெபமின்றி. பெயர் கிடைக்காத பச்சைக் குழந்தைகள் பலவும் இப்படித்தான் ஏட்டுக்கு வெளியே கிடக்கின்றன.

ஏழைவிடுதியில் இறந்து, உடலைக் கேட்டு யாரும் வராமல் போயிருந்தால் 1832ஆம் ஆண்டின் உடற்கூறுச் சட்டப்படி உடல் மருத்துவப் பள்ளிக்குப் போயிருக்கலாம். அப்போது அடக்கம், இறந்து பல வாரம் கழித்து, பள்ளி இருந்த நகரில் நடந்திருக்கும். இறந்த பத்து நாட்களுக்குள் தேடினால் கிடைக்காததற்கு இதுவும் காரணம்.

அறிகுறி 3: இறப்பதற்கு முன்பே அடக்கம் செய்திருக்கிறார்கள்!

உயில் 1720 நவம்பரில் எழுதப்பட்டிருக்கிறது. ஏட்டிலோ அவர் அடக்கம் "1720 பிப்ரவரி". யாரும் தவறு செய்யவில்லை. 1751 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஆகவே 1720 நவம்பருக்குப் பின் வந்த பிப்ரவரியும் 1720தான். நம் கணக்கில் அது 1721. ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள பழைய தேதிகள் எதையும் "1720/21" என்று இரட்டை ஆண்டாக எழுதிப் பழகுங்கள். நாட்காட்டி மாறிய 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. இடைப்பட்ட நாட்களில் அடக்கம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குவேக்கர்கள் மாதங்களுக்குப் பெயர் சொல்லாமல் எண் சொல்வார்கள். 1752க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச்.

அறிகுறி 4: ஒரே பெயரில் ஐந்து பேர் அடக்கமாகியிருக்கிறார்கள்

ஜான், வில்லியம், மேரி, எலிசபெத் என்று நாலைந்து பெயர்களையே ஊர் முழுவதும் சூட்டிக்கொண்டார்கள். போதாததற்கு, குழந்தை இறந்தால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைத்தார்கள். 1813க்கு முந்தைய ஏட்டில் "ஜான் ஸ்மித் அடக்கம்" என்று நாளோடு மட்டும் இருக்கும். வயது இல்லை, தந்தை பெயர் இல்லை.

1813 ஜனவரி 1 முதல் நிலைமை மாறியது. முந்தைய ஆண்டில் ஜார்ஜ் ரோஸ் கொண்டுவந்த சட்டப்படி அச்சிட்ட ஏடு வந்தது: பக்கத்துக்கு எட்டுப் பதிவுகள், பெயர், வசிப்பிடம், அடக்க நாள், வயது, அடக்கியவர் என்று கட்டங்கள். வசிப்பிடக் கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. நான் முதலில் பார்ப்பதே அதைத்தான். அதில் வேறு ஊர் எழுதியிருந்தால், உடலைச் சொந்த மண்ணுக்குத் தூக்கிவந்திருக்கிறார்கள்; குடும்பத்தின் பழைய வேர் அந்தப் பங்கில் இருக்கிறது என்று பொருள்.

குழப்பத்தை அவிழ்க்க நான் கையாளும் முறை இது. உங்கள் முன்னோராக இருக்கக்கூடிய எல்லாக் குழந்தைகளையும் ஞானஸ்நான ஏட்டிலிருந்து பட்டியலிடுங்கள். பிறகு அடக்க ஏட்டைத் தொடக்கத்திலிருந்து படித்து, சிறுவயதில் இறந்தவர்களை அடித்துக்கொண்டே வாருங்கள். கொடூரமாகத் தோன்றும், ஆனாலும் இணையத்தில் உலவும் குடும்ப மரங்களில் பாதியை இந்த ஒரே சோதனை சாய்த்துவிடும். இரண்டு வயதில் அடக்கமான குழந்தை இருபத்தைந்து வயதில் திருமணம் செய்துகொண்டதாக எழுதிவைத்திருக்கும் மரங்களை நான் கண்டிருக்கிறேன்.

பெண்களைத் தேடும்போது கணவர் குடும்பப் பெயரில் தேட வேண்டும். இருமுறை மணந்தவர் இரண்டாம் கணவரின் பெயரோடு ஏட்டிலும், முதல் கணவரின் பக்கத்தில் மண்ணிலும் இருப்பது வியப்பில்லை.

அறிகுறி 5: ஏட்டில் இருக்கும் சொல் புரியவில்லை

லத்தீன் என்றால் 'செபுல்டஸ்' ஆண் அடக்கம், 'செபுல்டா' பெண் அடக்கம், 'உக்ஸர்' மனைவி, 'ஃபிலியஸ்' மகன், 'ஃபிலியா' மகள். இந்த ஐந்து தெரிந்தால் பெரும்பாலான வரிகள் ஓடிவிடும்.

1678க்குப் பின் 'அஃபிடவிட்' என்றோ கம்பளி என்றோ குறிப்பு வந்தால் அது கம்பளி ஆலைகளைக் காக்க வந்த சட்டத்தின் தடயம். பிணத்துக்கு ஆங்கிலேயக் கம்பளித் துணியே போர்த்த வேண்டும், எட்டு நாளுக்குள் சத்தியப் பத்திரம் தர வேண்டும், தவறினால் 5 பவுண்டு தண்டம். லினனில்தான் போவேன் என்று அடம்பிடித்த பணக்காரக் குடும்பங்கள் தண்டத்தைக் கட்டிவிட்டுப் போயின. அப்படிக் கட்டிய குறிப்பு இருந்தால் வசதியான வீடு என்று அறியலாம். சட்டம் 1814இல் நீங்கியது.

1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி, ஏழைகளுக்கு விலக்கு. அந்த ஆண்டுகளில் 'ஏழை' என்ற குறிப்பு திடீரென்று பெருகினால் ஊரே நொடித்துப்போனது என்று எண்ணிவிடாதீர்கள்.

அறிகுறி 6: ஏட்டில் இருக்கிறது, முற்றத்தில் கல் இல்லை

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். பதில் பலருக்குப் பிடிப்பதில்லை: கல்லே நட்டிருக்க மாட்டார்கள். வெளியே கல் நடும் வழக்கம் பரவியது 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான். அதற்கு முன் வசதியுள்ளவர் தேவாலயத்துக்குள் தரையடியில் போனார், மற்றவர்கள் வெறும் மண்ணில். பின்னாளிலும் கூலிக்காரருக்குக் கல் எட்டாத செலவு. கல் கிடைக்காத தென்கிழக்குப் பகுதியில் இரு மரத்தூண்களுக்கு நடுவே பலகை பொருத்தி அதில் பெயர் எழுதினார்கள்; மரம் எத்தனை மழை தாங்கும்?

மண்ணும் ஒருவருக்கே சொந்தமாக இருந்ததில்லை. ஓர் ஏக்கர் முற்றத்தில் ஐந்நூறு ஆண்டுகள் அடக்கம் நடந்தால் குழிமேல் குழிதான். பழைய தேவாலயங்களின் வாசலுக்கு நாம் படியிறங்கிப் போவதும், சுற்றிலும் தரை இடுப்பளவு உயர்ந்து நிற்பதும் இதனால்தான்.

ஆகவே தேட வேண்டியது இரண்டு: கல் எப்போதாவது இருந்ததா, இருந்திருந்தால் எங்கே போனது.

முதலாவதுக்கு, கல்வெட்டுப் படியெடுப்புகளைப் பாருங்கள். உள்ளூர்க் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் பல பத்தாண்டுகளாக முற்றம் முற்றமாகச் சென்று கற்களைப் படித்து எழுதிவைத்திருக்கின்றன. சில பங்குகளுக்கு அதற்கும் முந்தைய கையெழுத்துப் படிகள் உண்டு. இன்று உதிர்ந்துபோன கல் அன்று படிக்கும்படி இருந்திருக்கலாம். கவுண்டி (மாவட்ட) ஆவணக் காப்பகத்திலும், லண்டனில் 1911 முதல் இயங்கும் மரபியலாளர் சங்கத்தின் நூலகத்திலும் இவை இருக்கும்.

இரண்டாவதுக்கு, முற்றத்தின் மதில் ஓரமாக நடந்து பாருங்கள். புல்வெட்டும் இயந்திரத்துக்கு வழிவிட 20ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் கற்களைப் பிடுங்கி மதிலில் சாத்தினார்கள். சில இடங்களில் நடைபாதைக்குப் பாவினார்கள். கல்லை நகர்த்தப் பேராயத்தின் அனுமதி ஆணை தேவை. அந்த விண்ணப்பத்தோடு பழைய இருப்பிடம் காட்டும் வரைபடம் இணைத்திருக்கக்கூடும், பேராயக் கோப்புகளில் கேளுங்கள்.

பங்கு நிர்வாகிகளின் பழைய கணக்கேடுகளையும் விடாதீர்கள். மணியடிக்க, குழி தோண்ட, தேவாலயத் தரையைப் பெயர்த்து மூட என்று வாங்கிய காசு அதில் பெயரோடு வரவு வைக்கப்பட்டிருக்கும். உள்ளே அடக்கம் செய்ய 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்பது பல ஊர்களில் வழங்கிய கட்டணம். உங்கள் ஆள் பெயருக்கு எதிரே அந்தத் தொகை இருந்தால் வெளியே புல்லில் தேடுவதை நிறுத்திவிட்டு உள்ளே தரையைப் பாருங்கள். உயில்களிலும் "என் முதல் மனைவியின் அருகே", "வடக்குத் தாழ்வாரத்தில்" என்று இடம் சொல்லிச் சென்றவர்கள் உண்டு. 1858க்கு முன் கான்டர்பரியின் திருச்சபை நீதிமன்றத்தில் மெய்ப்பித்த உயில்கள் தேசிய ஆவணக் காப்பகத்தின் 'பிராப் 11' தொகுப்பில் கிடைக்கும்.

எதுவுமே கிட்டவில்லை என்றால், "இந்த முற்றத்தில், இடம் தெரியாமல்" என்று எழுதி முடியுங்கள். அது தோல்வி எழுத்தன்று. பெரும்பாலானோர் விஷயத்தில் கிடைக்கக்கூடிய முழு உண்மை அவ்வளவுதான்.

அறிகுறி 7: கல் நிற்கிறது, எழுத்தைப் படிக்க முடியவில்லை

கம்பித் தூரிகை, சுண்ணக்கட்டி, சவரநுரை, வெளுப்பான் எதையும் கல்லிடம் கொண்டுபோகாதீர்கள். மணற்கல் ஏடு ஏடாகப் பொரிந்து உதிரும்; நீங்கள் தேய்ப்பது கடைசி ஏடாக இருக்கலாம். கல்லில் படர்ந்த பாசிக்காளான் பல பத்தாண்டுகள் வளர்ந்தது, அதையும் சுரண்ட வேண்டாம். ஸ்லேட் கல் என்றால் கவலையில்லை, முந்நூறு ஆண்டு கழித்தும் எழுத்து நேற்று வெட்டியதுபோல் நிற்கும்.

தேவை வெளிச்சம், அதுவும் பக்கவாட்டில். வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகும் நேரத்துக்குக் காத்திருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் கண்ணாடியையோ டார்ச்சையோ கல்லின் ஓரத்தில் பிடிக்க, மற்றவர் படமெடுக்கலாம். கோணத்தை மாற்றி ஏழெட்டுப் படம் எடுத்தால் ஒன்றில் தெரியாத எழுத்து இன்னொன்றில் நிழல் விழுந்து எழும். சாய்ந்து நிற்கும் கல்லைத் தள்ளவோ அதன்மேல் சாயவோ வேண்டாம்.

இறந்தவரைத் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாகக் கிடத்துவது வழக்கம். பெரிய தலைமாட்டுக் கல்லுக்கு எதிரே இரண்டு மூன்று முதலெழுத்துகளும் ஓர் ஆண்டும் மட்டும் உள்ள சிறு கல் கண்டால் அது குழந்தையின் கல்லறை என்று உருகிவிடாதீர்கள். அது அதே ஆளின் கால்மாட்டுக் கல். தலைமாட்டுக் கல் விழுந்து தொலைந்த இடத்தில் இந்தச் சிறு கல்லே துப்பாக இருக்கும்.

வயதிலும் ஒரு கண்ணி. "63ஆவது ஆண்டில் இறந்தார்" என்று கல் சொன்னால் 63 நடப்பு, 62 நிறைவு. பஞ்சாங்கம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் இணையப் பட்டியல்களில் இதை 63 என்றே ஏற்றியிருப்பார்கள்.

அறிகுறி 8: முற்றமே இல்லை

லண்டன் போன்ற நகரங்களில் பூங்காவாகவோ ரயில்பாதையாகவோ ஆகியிருக்கும். பழைய செயின்ட் பாங்கிராஸ் முற்றத்தின் குறுக்கே 1860களில் ரயில்பாதை போனது. அடக்கம் நின்ற இடங்களில் கட்டடம் எழுப்ப 1884ஆம் ஆண்டின் சட்டம் தடைபோட்டது. அதனால்தான் பல இடங்கள் இன்றும் மரமும் பெஞ்சுமாகத் தப்பியிருக்கின்றன. கல்லறைகளை அகற்றும்போது எழுதிய பட்டியல்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஆர்ஜி 37' என்ற தொகுப்பில் இருக்கின்றன. எந்த எலும்புகள் எந்தத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டன என்பதும் அதில் தெரியவரும்.

நம்பிக்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு, ஆஸ்திரேலியாவைச் சுற்றிக் கடலோரத்தை வரைந்த மாலுமி மேத்யூ ஃப்ளிண்டர்ஸ். 1814இல் இறந்த அவரை லண்டன் பிக்கடிலியில் உள்ள செயின்ட் ஜேம்ஸ் பங்கு அடக்கம் செய்தது. ஆனால் முற்றம் தேவாலயத்தை ஒட்டி இல்லை. இடம் போதாமல் தொலைவில், இன்றைய யூஸ்டன் நிலையத்தருகே நிலம் வாங்கிவைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அது பூங்காவானது, ஒரு பகுதியை ரயில் நிலையம் விழுங்கியது, கல்லும் போனது. எச்எஸ்2 ரயில் திட்டத்துக்காகத் தோண்டியபோது 2019 ஜனவரியில் அவருடைய சவப்பெட்டி மீதிருந்த ஈயப் பெயர்த்தகடு கிடைத்தது. 2024 ஜூலையில் பிறந்த ஊரான லிங்கன்ஷயரின் டானிங்டன் தேவாலயத்தில் மறுபடி அடக்கம் செய்தார்கள். தேவாலயத்தின் பெயரைப் பார்த்து அதன் வாசலிலேயே தேடுகிறவர்கள், பங்குக்கு வேறு எங்காவது துணை இடுகாடு இருந்ததா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

அறிகுறி 9: தேவாலயத்துக்குப் போனால் ஏடு இங்கே இல்லை என்கிறார்கள்

மறைக்கவில்லை, உண்மையாகவே இருக்காது. 1978இல் வந்த திருச்சபைச் சட்டத்துக்குப் பின் பழைய ஏடுகள் பெரும்பாலும் கவுண்டி ஆவணக் காப்பகங்களுக்குப் போய்விட்டன. குருவானவருக்குக் கடிதம் எழுதினால் ஏட்டைக் கேட்காதீர்கள், கல்லறை வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒருவரே நாலைந்து தேவாலயங்களைக் கவனிக்கும் காலம் இது, பதிலுக்குப் பொறுத்திருங்கள்.

அறிகுறி 10: கல்லில் பெயர் இருக்கிறது, ஏட்டில் அடக்கம் இல்லை

கல்லை மறுபடி, மெதுவாகப் படியுங்கள். பெற்றோர் பெயருக்குக் கீழே "மேலும் இவர்கள் மகன் இன்னார், மதராஸில் இறந்தார்" என்று ஒரு வரி இருக்கிறதா? உடல் அங்கே இல்லை. தாய் தகப்பன் கல்லில் பிள்ளைக்கும் ஒரு வரி கொடுத்திருக்கிறார்கள். நம் நடுகல்லும் எப்போதும் உடல் கிடக்கும் இடத்தில்தான் நின்றது என்று சொல்ல முடியாதல்லவா? போரில் இறந்தவர், கடலில் போனவர், குடியேற்ற நாடுகளில் காய்ச்சலில் மாண்டவர் ஆகியோருக்கு இங்கிலாந்துக் கிராமக் கற்களில் இப்படி ஆயிரக்கணக்கான வரிகள் உண்டு.

மதராஸ் என்று எழுதியிருந்தால் தேடலை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்துக்கு மாற்றுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவானவர்கள் தங்கள் ஏடுகளின் நகலை லண்டனுக்கு அனுப்பினார்கள். இந்தியா அலுவலக ஆவணங்களில் வங்காளத்துக்கு 'என்/1', மதராஸுக்கு 'என்/2', பம்பாய்க்கு 'என்/3'. மதராஸ் மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து அரசு அச்சகம் 1905இல் ஒரு பட்டியலும் வெளியிட்டது.

சென்னைக்கே வந்து பார்ப்பவர்கள் கோட்டைக்குள் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போவார்கள். சுற்றிலும் தரையில் பாவியிருக்கும் பழைய கற்களைக் கண்டு குனிந்து பெயரைத் தேடுவார்கள். அந்தக் கற்களும் இடம் மாறியவையே. 1758–59இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே இருந்த பழைய இடுகாட்டின் கல்லறைகள் அவர்களுக்கு மறைவிடமாகப் பயன்பட்டன. முற்றுகை நீங்கியதும் அவற்றை இடித்து, கற்களை மட்டும் உள்ளே கொண்டுவந்து பரப்பினார்கள். உடல்கள் கிடந்த நிலத்தில் பின்னர் உயர் நீதிமன்றத்தை அடுத்துச் சட்டக் கல்லூரி எழுந்தது.